ஒன்பது நிமிட இருட்டும் ஐம்பது என்ற எண்ணும்

குட்டீஸ், உங்கள் அப்பா, அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு நம் வீட்டில் என்ன செய்தோம்?

அது கொரோனா காலம். நாடு முழுவதும் ஊரடங்கு. அன்று இரவு 9 மணிக்கு எல்லாரும் வீட்டு விளக்குகளை 9 நிமிடம் அணைத்துவிட்டு, வாசலிலோ மாடியிலோ அகல் விளக்கு, மெழுகுவர்த்தி, டார்ச் ஏதாவது ஒன்றை ஏற்றி நிற்கும்படி பிரதமர் நரேந்திர மோடி கேட்டுக்கொண்டிருந்தார். உங்களில் பலர் அப்போது சின்னஞ்சிறு பிள்ளைகள். பாட்டி இடுப்பில் உட்கார்ந்து அகல் விளக்கை வேடிக்கை பார்த்திருப்பீர்கள்!

ஊரெல்லாம் இப்படி அமைதியாக விளக்கேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சில அறைகளில் மட்டும் ஒரே பரபரப்பு. அங்கே இருந்த இன்ஜினீயர்கள் கண் கொட்டாமல் ஒரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் தெரிந்தது ஓர் எண். 50-ஐ ஒட்டி ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது அது. அந்த எண் அதிகமாக ஏறினாலும் ஆபத்து, அதிகமாக இறங்கினாலும் ஆபத்து!

விளக்கை அணைத்தால் மின்சாரம் மிச்சம்தானே? அதில் என்ன ஆபத்து? வாருங்கள், பார்ப்போம்.

சேர்த்து வைக்க முடியாத சரக்கு

நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். ஆனால் கம்பியில் வரும் மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. இந்த நொடியில் உங்கள் வீட்டு விசிறி சுற்றுகிறது என்றால், அதற்கான மின்சாரம் இதே நொடியில் எங்கோ ஒரு மின் நிலையத்தில் தயாராகிறது என்று அர்த்தம்.

"பேட்டரி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். இன்வெர்ட்டரிலும் செல்போனிலும் இருக்கிறது. பெரிய பெரிய பேட்டரிகளை மின் நிலையங்களிலும் இப்போது வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாடே செலவழிக்கும் மின்சாரத்தின் முன்னால் அது கொஞ்சம்தான். அதனால் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். இதுதான் மின்சார உலகத்தின் முதல் சட்டம்.

அது என்ன 50?

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், மீண்டும் திரும்பி வரும். ஊஞ்சல் மாதிரி! இப்படி ஒரு நொடியில் எத்தனை முறை முழுதாக ஆடுகிறதோ, அதுதான் அதன் அதிர்வெண். இந்தியாவில் அது 50. ஜெர்மனி விஞ்ஞானி ஹெர்ட்ஸின் பெயரால் இதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் வேடிக்கை! நாட்டின் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரில் இருந்துதான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்ற வைப்பார்கள். டர்பைனோடு ஜெனரேட்டரும் சேர்ந்து சுற்றும். அது நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு? 50-ஐ 60-ஆல் பெருக்குங்கள். 3,000 சுற்று! டன் கணக்கில் எடையுள்ள இரும்பு அந்த வேகத்தில் சுற்றுகிறது.

ஆக, 50 என்ற எண் ஏறினால் இயந்திரங்கள் வேகமாகச் சுற்றுகின்றன. இறங்கினால் மெதுவாகச் சுற்றுகின்றன. புரிந்ததா?

தேர் இழுக்கலாம், வாங்க!

இதைத் தேர்த் திருவிழாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெரிய தேர். நூற்றுக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். இழுப்பவர்கள்தான் மின் நிலையங்கள். தேர் போகும் பாதைதான் நம் வீடுகளும் ஆலைகளும் கேட்கும் மின்சாரம். தேரின் வேகம்தான் அந்த 50!

பாதை மேடானால் என்ன ஆகும்? அதே பலத்தோடு இழுத்தால் தேர் மெதுவாகும். மாலை நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் விளக்கு, விசிறி, மோட்டார் போடுவது இந்த மேடு மாதிரிதான். அப்போது இழுப்பவர்கள் இன்னும் பலமாக இழுக்க வேண்டும்.

பாதை சரிவானால்? அதே பலத்தோடு இழுத்தால் தேர் வேகம் எடுக்கும். உடனே இழுப்பைத் தளர்த்த வேண்டும். நாடே ஒரே நேரத்தில் விளக்கை அணைப்பது இந்தச் சரிவு மாதிரி.

இன்னொன்றும் கவனியுங்கள். தேர் கனமானது. அதனால் சட்டென்று வேகம் எடுக்காது, சட்டென்று நிற்கவும் செய்யாது. இந்தக் குணத்தை நிலைமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சுழலும் அந்தக் கனமான டர்பைன்களுக்கும் நிலைமம் உண்டு. ஏதாவது கோளாறு நடந்தால், சமாளிப்பதற்குச் சில நொடி அவகாசம் தருவது அதுதான்.

எல்லாரும் ஒரே வடம்

ஒரு காலத்தில் நம் தென் மாநிலங்கள் தனித் தேராக இருந்தன. வட மாநிலங்கள் வேறு தேர். 2013 டிசம்பர் 31-ம் தேதி கர்நாடகாவின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிராவின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் மின்தடத்தின் மூலம் இரண்டும் ஒன்றாயின. அதில் இருந்து கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒரே மின் தொகுப்பு, ஒரே அதிர்வெண்.

இதில் பெரிய நன்மை உண்டு. ஓர் ஊரில் ஒரு மின் நிலையம் நின்றுபோனாலும் மற்றவர்கள் சேர்ந்து இழுத்துவிடுவார்கள். ஆபத்தும் உண்டு. ஒருவர் தடுக்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் சுமை ஏறும். அவர் விழுந்தால் அடுத்தவர் மேல் ஏறும்.

அப்படியும் நடந்திருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின்தடங்கள் சுமை தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. சமநிலை குலைந்ததும் மின் நிலையங்களும் வரிசையாக நின்றன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. ரயில்கள் ஆங்காங்கே நின்றன. டெல்லி மெட்ரோவும் நின்றது.

மின் நிலையங்கள் ஏன் தாமாகவே நிற்க வேண்டும்? டர்பைனில் நீளமான இலைகள் உண்டு. வேகம் அளவு மீறினாலும் குறைந்தாலும் அவை அதிர்ந்து சேதமாகும். அதனால் எண் எல்லை மீறினால், இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொகுப்பில் இருந்து விலகிவிடும்.

இப்போது தெரிகிறதா, 2020 ஏப்ரல் 5 அன்று இன்ஜினீயர்கள் ஏன் கவலைப்பட்டார்கள் என்று? விளக்கை அணைத்ததால் தேர் வேகம் எடுத்து, நாடு முழுவதும் மின்சாரம் போய்விட்டால் மருத்துவமனைகள் என்ன ஆகும்? அதுவும் கொரோனா நேரத்தில்!

காகிதத்தில் ஒரு மின் நிலையம்

பிரதமர் அறிவித்தது ஏப்ரல் 3-ம் தேதி காலையில். கையில் இருந்தது மூன்று நாட்களுக்கும் குறைவான நேரம். ஒத்திகை பார்க்கலாம் என்றால், நாட்டின் விளக்குகளை எல்லாம் அணைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் இன்ஜினீயர்கள் கணித மாதிரியைப் பயன்படுத்துவார்கள். நிஜ மின் தொகுப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கணக்கு அது.

அது ஏதோ பெரிய விஷயம் என்று பயப்படாதீர்கள். ஒரு சின்ன மாதிரியை நாமே செய்து பார்க்கலாம். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊர். அதற்கு ஒரு மின் நிலையம். உற்பத்தி 100. செலவும் 100. எண் 50-ல் நிற்கிறது.

முதல் விதி: ஒவ்வொரு நொடியும் உற்பத்தியில் இருந்து செலவைக் கழியுங்கள். மீதி 10 என்றால் எண் 0.1 ஏறும். மீதி 5 என்றால் 0.05 ஏறும்.

இப்போது ஊரில் சில விளக்குகள் அணைகின்றன. செலவு 90 ஆகிறது. உற்பத்தியைக் குறைக்க யாரும் இல்லை. முதல் நொடியில் எண் 50.1. அடுத்த நொடியில் 50.2. அடுத்து 50.3. பத்தாவது நொடியில் 51! நிற்கவே நிற்காது. பயமாக இருக்கிறதா?

சரி, இரண்டாவது விதியைச் சேர்ப்போம். எண் 50-ஐத் தாண்டி 0.1 ஏறினால் உற்பத்தியை 100-ல் இருந்து 5 குறைக்க வேண்டும். 0.2 ஏறினால் 10 குறைக்க வேண்டும்.

மீண்டும் ஆரம்பியுங்கள். முதல் நொடியில் மீதி 10. எண் 50.1 ஆகிறது. உடனே உற்பத்தி 95-க்கு இறங்குகிறது. இரண்டாவது நொடியில் மீதி 5 மட்டுமே. எண் 50.15. உற்பத்தி 92.5. மூன்றாவது நொடியில் மீதி 2.5. எண் 50.175. பார்த்தீர்களா, ஏற்றம் ஒவ்வொரு முறையும் பாதியாகிறது! கடைசியில் எண் 50.2-க்குப் பக்கத்தில் அடங்கிவிடும். உற்பத்தியும் 90-க்கு வந்துவிடும்.

இந்த இரண்டாவது விதியை நிஜ மின் நிலையத்தில் செய்யும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். மாநில கவர்னர் இல்லை, இது இயந்திரக் கவர்னர்! நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஜேம்ஸ் வாட் 1788-லேயே இப்படி ஒன்றைப் பயன்படுத்தினார். சுழலும் இரண்டு குண்டுகள் வேகம் கூடினால் விரியும். விரிந்தால் நீராவி வரும் வழி குறுகும். அவ்வளவுதான்!

ஒன்றைக் கவனித்தீர்களா? நம் கணக்கில் எண் 50.2-ல் நின்றுவிட்டது. 50-க்குத் திரும்பவில்லை. கவர்னர் ஓட்டத்தை அடக்கும். பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அதற்குக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் உற்பத்தியை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சோதனை. 10-க்குப் பதில் 25 அளவு விளக்குகள் அணைந்தால்? நீங்களே போட்டுப் பாருங்கள். எண் 50.5 வரை போய்த்தான் அடங்கும். ஆக, எவ்வளவு அணையும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தயாராக இருக்க முடியும். சிக்கலே அங்கேதான்!

இன்ஜினீயர்கள் போட்ட திட்டம்

நாட்டில் எத்தனை வீடுகள், ஒரு வீட்டு விளக்குகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விடை, சுமார் 12,000 முதல் 14,000 மெகாவாட். கூடங்குளத்தில் உள்ள ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். அதுபோல் 12 முதல் 14 உலைகள் செய்யும் வேலை, சில நிமிடங்களில் தேவை இல்லாமல் போய், சில நிமிடங்களில் மீண்டும் தேவைப்படும்!

இதைச் சமாளிக்க யாரை நம்புவது? அனல்மின் நிலையம் ஆமை. கொதிகலனின் சூட்டைச் சட்டென்று குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. நீர்மின் நிலையம் முயல். தண்ணீர் வரும் வழியைத் திறந்தால் ஓடும், மூடினால் அடங்கும். சில நிமிடங்கள் போதும்.

அதனால் அன்று மாலையில் நீர்மின் உற்பத்தியைக் குறைத்து, அணைத் தண்ணீரை 9 மணிக்காகச் சேமித்தார்கள். 9 மணி நெருங்கும்போது நீர்மின் நிலையங்களை நன்றாக ஓடவிட்டார்கள். ஓடினால்தானே குறைக்க முடியும்! எண்ணையும் 50-க்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டார்கள். எண் ஏறப்போகிறது என்று தெரியும். கீழே இருந்து ஏறினால் இடம் கொஞ்சம் அதிகம் கிடைக்கும் அல்லவா?

மக்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். விளக்கை மட்டும் அணையுங்கள், விசிறியும் பிரிட்ஜும் ஓடட்டும் என்றது மத்திய மின்துறை அமைச்சகம். தெரு விளக்குகளும் மருத்துவமனை விளக்குகளும் எரியட்டும் என்றும் சொன்னது.

அந்த இரவு

மணி 8.45. தேவை குறையத் தொடங்கியது. 8.49-க்கு எண் 49.7. டெல்லியில் தேசியக் கட்டுப்பாட்டு மையம், பெங்களூருவில் தென் மண்டல மையம், மாநிலங்களில் தனித்தனி மையங்கள் என எல்லா இடத்திலும் ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

தேவை 12,000 மெகாவாட் குறைந்தது. அதோடு நிற்கவில்லை. 14,000-ஐயும் தாண்டியது. 20,000-ஐயும் தாண்டியது! சுமார் 1,17,000 மெகாவாட்டாக இருந்த தேவை, 9.09-க்கு சுமார் 86,000 மெகாவாட்டுக்கு வந்துவிட்டது. அதாவது சுமார் 31,000 மெகாவாட் குறைவு. கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

நம் காகித விளையாட்டில் 10-க்குப் பதில் 25 என்று போட்டுப் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதுவேதான்.

நீர்மின் நிலையங்கள் கைகொடுத்தன. 8.45-ல் இருந்து 9.10-க்குள் அவற்றின் உற்பத்தி சுமார் 25,500 மெகாவாட்டில் இருந்து சுமார் 8,000 மெகாவாட்டுக்குக் குறைக்கப்பட்டது. அனல்மின் நிலையங்களும் தங்களால் முடிந்த அளவு குறைத்தன. 9.08-க்கு எண் 50.26 வரை ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை.

வழக்கமாக இந்த எண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அன்று அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியது உண்மை. ஆனால் மின் தொகுப்பு குலையவில்லை.

விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். இப்போது தேர் மேட்டில் ஏற வேண்டும். 9.10-ல் இருந்து சுமார் 17 நிமிடங்களில் நீர்மின் உற்பத்தி 8,000 மெகாவாட்டில் இருந்து 19,000 மெகாவாட்டுக்கு உயர்ந்தது. சிறிது நேரத்தில் எல்லாம் வழக்கம்போல் ஆனது. அகல் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு இது எதுவுமே தெரியாது!

கணக்கு தப்பாகிப் போனதா?

ஒரு வகையில் ஆமாம். விளக்கு எத்தனை வாட் என்பதைக் கணக்கிடலாம். எத்தனை பேர் ஸ்விட்சை அணைப்பார்கள், வேறு எதையெல்லாம் சேர்த்து அணைப்பார்கள் என்று மனித மனத்தைக் கணக்கிடுவது கஷ்டம்.

அப்படியானால் மாதிரி செய்தது வீணா? இல்லவே இல்லை. எண் எந்தப் பக்கம் ஓடும், யார் வேகமாகக் குறைக்க முடியும், எங்கே இருந்து தொடங்கினால் நல்லது என்பதை எல்லாம் கணக்குதான் சொல்லிக்கொடுத்தது. இன்ஜினீயர்கள் கணக்கை நம்பினார்கள். ஆனால் அது தப்பலாம் என்பதையும் மறக்கவில்லை. 14,000 என்று விடை வந்ததற்காக 14,000-க்கு மட்டும் தயாராகி இருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவைக்கு மேல் கைவசம் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது.

இனிமேல் இந்த வேலை இன்னும் சவாலானது. சூரிய ஒளித் தகடுகளில் சுழலும் கனமான இரும்பு கிடையாது. அவை பெருகப் பெருக, தேரின் எடை குறைவது மாதிரி ஆகும். எடை குறைந்தால் வேகம் சட்சட்டென்று மாறும் அல்லவா? அதற்காகத்தான் நொடிக்குள் உதவிக்கு வரும் பேட்டரிகளும், தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கும் நீர்மின் நிலையங்களும் தேவைப்படுகின்றன. கோவை மாவட்டத்தில் ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை அப்படிப்பட்ட நிலையம்தான். அதன் திறன் 400 மெகாவாட்.

இவற்றுக்கெல்லாம் புதிய கணித மாதிரிகள் வேண்டும். அதைச் செய்யப்போவது யார்? இன்று பென்சிலால் 50.1, 50.15 என்று எழுதிப் பார்த்தீர்களே, உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!

இன்று இரவு படுக்கப் போகும் முன் விளக்கை அணைப்பீர்கள் அல்லவா? அப்போது எங்கோ ஒரு டர்பைன் துளியூண்டு வேகம் எடுக்கும். அதைச் சரிசெய்ய ஒரு கவர்னரும், விடிய விடிய விழித்திருக்கும் ஓர் இன்ஜினீயரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குட்நைட் சொல்லிவிட்டுத் தூங்குங்கள், குட்டீஸ்!

டீ போட்டதால் வந்த தலைவலி!

இங்கிலாந்து மின்சார இன்ஜினீயர்கள் டி.வி. நிகழ்ச்சிப் பட்டியலையும் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? பெரிய கால்பந்துப் போட்டி முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் டீ போட மின்சாரக் கெட்டிலைப் போடுவார்கள். 1990 ஜூலை 4-ம் தேதி உலகக் கோப்பை அரை இறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மின் தேவை ஒரே தாவாக சுமார் 2,800 மெகாவாட் ஏறியது. சோகத்தில் குடித்த டீ!